ரெண்டு வயசுல எத்தனை வார்த்தை? பல மொழி வீட்டில் குழந்தையின் பேச்சை எண்ணுவது எப்படி

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவும் அம்மாவும் குழந்தையிடம் பேசுவது தமிழ். பகலில் பார்த்துக்கொள்ள வரும் அக்கா பேசுவது கன்னடம். டே-கேரில் ஆங்கிலமும் ஹிந்தியும் கலந்து ஓடுகிறது. குழந்தைக்கு இரண்டு வயது நெருங்குகிறது. அதே அபார்ட்மென்ட்டில் அதே வயதுக் குழந்தை ஒன்று ரைம்ஸை முழுசாகச் சொல்கிறது. இங்கே "அம்மா", "தா", "பேட", "நோ" என்று ஒற்றை வார்த்தைகள்தான்.

இந்த நேரத்தில் இரண்டு அறிவுரைகள் தவறாமல் வரும். ஒன்று பக்கத்து வீட்டிலிருந்து: "இத்தனை மொழி காதுல விழுந்தா குழந்தை குழம்பிடும். ஸ்கூலுக்கு இங்கிலீஷ்தானே வேணும், வீட்ல அதையே பேசுங்க." இன்னொன்று ஊரிலிருந்து: "இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான். பொறுங்க, தானா வந்துடும்."

முதல் அறிவுரையைக் கேட்டால் குழந்தை தேவையில்லாமல் ஒரு மொழியை இழக்கிறது. இரண்டாவதைக் கேட்டால், உண்மையிலேயே உதவி தேவைப்படும் குழந்தை விலைமதிப்பில்லாத மாதங்களை இழக்கிறது. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே சிக்கல்: குழந்தையின் பேச்சை எப்படி அளப்பது என்று நமக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

முதல் வார்த்தைக்கு முன்பே என்ன நடக்கிறது?

குழந்தை பேச ஆரம்பிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே மொழி வேலை தொடங்கிவிடுகிறது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் மற்ற பெண்களின் குரலைவிடத் தங்கள் அம்மாவின் குரலையே விரும்பிக் கேட்கின்றன என்று 1980-லேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். கருவில் இருக்கும்போதே அந்தக் குரல் காதில் விழுந்துகொண்டிருக்கிறது.

அடுத்த ஆய்வு இந்தியர்களுக்கு நெருக்கமானது. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில் ஹிந்தி ஒலிகளைப் பயன்படுத்தினார்கள். நாக்கு பல்லைத் தொடும் 'த', நாக்கு மேல்நோக்கி வளையும் 'ட'. தமிழில் 'பத்து', 'பட்டு' இரண்டையும் பிரித்துக் காட்டுவது இதே வேறுபாடுதான். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இந்த வேறுபாட்டை எளிதாகப் பிடித்தன. அதே சூழலில் வளரும் 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவற்றால் முடியவில்லை. தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழிக்குத் தேவையான வேறுபாடுகளை வைத்துக்கொண்டு, மற்றதைக் காது தள்ளிவிடப் பழகுகிறது. முதல் பிறந்தநாள் கேக் வெட்டுவதற்குள் இந்தப் பிரிப்பு வேலை பெருமளவு முடிந்துவிடுகிறது.

சரி, ஒலிகள் பிடிபட்டுவிட்டன. வார்த்தை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? நாம் பேசும்போது வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லையே! 1996-ல் ஜெனி சாஃப்ரன் குழுவினர் 8 மாதக் குழந்தைகளுக்கு அர்த்தமில்லாத அசைகளை இடைவெளியே இல்லாமல் இரண்டு நிமிடம் கேட்க வைத்தார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்பதை வைத்தே குழந்தைகள் 'வார்த்தை'களைப் பிரித்துவிட்டன. எண்ணவே தெரியாத வயதில் புள்ளியியல் வேலை!

சராசரி எவ்வளவு?

குழந்தைகளின் சொல்வளத்தை அளக்க உலகம் முழுவதும் அதிகம் பயன்படுவது மெக்ஆர்தர்-பேட்ஸ் பட்டியல். பெற்றோர் கையில் சொற்களின் பட்டியலைக் கொடுத்து, "இதில் எவை உங்கள் குழந்தைக்குப் புரியும், எவற்றைச் சொல்லும்?" என்று டிக் செய்யச் சொல்வார்கள். அமெரிக்காவில் ஆங்கிலம் கேட்டு வளரும் சுமார் 1,800 குழந்தைகளை வைத்து 1994-ல் வந்த முடிவுகள் இன்றும் அடிப்படை அளவுகோலாக இருக்கின்றன.

அதன் சுருக்கம் இது:

- 12 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் சொல்வது சில வார்த்தைகள்தான்.
- 16 மாதத்தில் நடுவில் நிற்கும் குழந்தை சொல்வது சுமார் 40. ஆனால் அதே குழந்தைக்குப் புரிவது 150-க்கும் மேல்.
- 24 மாதத்தில் சொல்வது சுமார் 300.

இந்தச் சராசரியைவிட முக்கியமான தகவல் அதன் இரு பக்கத்திலும் இருக்கிறது. இரண்டு வயதில் கடைசி 10 சதவீதக் குழந்தைகள் சொன்னது 60-க்கும் குறைவு. முதல் 10 சதவீதம் சொன்னது 500-க்கும் மேல். ஒரே வயது, ஒரே மொழி. இடையில் எட்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம்! மற்ற பல உடல், மன வளர்ச்சி அளவுகளில் இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்க்க முடியாது. அதனால் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவது பெரும்பாலும் எதையும் சொல்லாது. ஒப்பிட வேண்டியது, இந்த மாதம் உங்கள் குழந்தை இருக்கும் இடத்தை இரண்டு மாதத்துக்கு முன் அதே குழந்தை இருந்த இடத்தோடு.

திடீரென்று வார்த்தைகள் கொட்டுவது ஏன்?

"போன மாசம் வரைக்கும் நாலு வார்த்தைதான், இப்போ தினமும் புதுசா ஏதாவது சொல்றா." ஒன்றரை வயது தாண்டிய குழந்தைகளின் பெற்றோர் பலர் சொல்வது இது. மூளையில் ஏதோ சுவிட்ச் போட்டது போலத் தோன்றும். அந்த வயதில் புதிய திறன் ஒன்று விழிக்கிறது என்றுதான் பல ஆய்வாளர்களும் நினைத்தார்கள்.

2007-ல் பாப் மெக்மரே என்ற உளவியலாளர் கணக்குப் போட்டு வேறு விளக்கம் கொடுத்தார். இதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். மொட்டை மாடியில் பல அளவில் பாத்திரங்களை வைத்திருக்கிறீர்கள். ஒரே சீராக மழை பெய்கிறது. சின்ன டம்ளர்கள் ஒன்றிரண்டுதான், அவை முதலில் நிரம்பும். நடுத்தரப் பாத்திரங்கள் நிறைய. அவையும் அதே நேரத்தில் சத்தமில்லாமல் நிரம்பிக்கொண்டுதான் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றன்பின் ஒன்றாக வழிய ஆரம்பிக்கும். மழை வேகமாகவில்லை, ஆனால் பார்ப்பவருக்குத் திடீர்ப் பாய்ச்சல்.

வார்த்தைகளும் அப்படித்தான். எளிய வார்த்தைகள் குறைவு, ஓரளவு கடினமானவை நிறைய. எல்லாமே ஒரே நேரத்தில் குழந்தைக்குள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. ஆக, குழந்தை ஒன்றும் சொல்லாத மாதங்களில் நீங்கள் பேசியது வீணாகவில்லை. அதுதான் பாத்திரத்துக்குள் போன மழை.

தன் பிள்ளையையே டேட்டாவாக்கிய பெற்றோர்கள்

குழந்தையின் பேச்சைக் குறித்துவைக்கும் பழக்கம் செயலிகள் வருவதற்கு முன்பே உண்டு. பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வின், தன் மகனைப் பற்றி வைத்திருந்த குறிப்புகளை 1877-ல் கட்டுரையாக வெளியிட்டார். சரியாக ஒரு வயதில் பையன் உணவுக்கு 'மம்' என்று சொந்தமாக ஒரு வார்த்தை உருவாக்கினான் என்று அதில் எழுதுகிறார். நம் வீட்டு 'மம்மு'வுக்கு இங்கிலாந்தில் ஓர் உறவுக்காரன்!

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் எம்.ஐ.டி. பேராசிரியர் டெப் ராய். இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர். இவரும் மனைவி ரூபல் படேலும் மகன் பிறந்தபோது வீட்டின் கூரையில் 11 கேமராக்களும் 14 மைக்குகளும் பொருத்தினார்கள். மூன்று ஆண்டுகளில் சுமார் 90,000 மணி நேர வீடியோ சேர்ந்தது. மகன் தண்ணீரைக் காட்டி 'காகா' என்றதில் ஆரம்பித்து, 'வாட்டர்' என்று தெளிவாகச் சொன்னது வரையிலான ஆறு மாதப் பயணத்தை 40 விநாடி ஒலித்துண்டாக 2011-ல் ஒரு டெட் உரையில் ராய் போட்டுக்காட்டினார். இரண்டு வயதுக்குள் அந்தக் குழந்தை சொன்ன வெவ்வேறு வார்த்தைகள் 679.

அந்த டேட்டாவில் இருந்து வந்த இரண்டு விஷயங்கள் எல்லா வீட்டுக்கும் பயன்படும்.

முதலாவது, ஒரு வார்த்தை குழந்தையின் வாயில் வரப்போகும் நாட்களில், அந்த வார்த்தை வரும் வாக்கியங்களைப் பெரியவர்கள் தங்களை அறியாமலே சின்னதாக்கிக்கொண்டார்கள். குழந்தை பிடித்ததும் வாக்கியம் மறுபடி நீண்டது. யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

இரண்டாவது, 2015-ல் வெளியான முடிவு. ஒரு வார்த்தையை எத்தனை முறை சொன்னார்கள் என்பதைவிட, அது எவ்வளவு தனித்த சூழலில் சொல்லப்பட்டது என்பதே அந்த வார்த்தை எப்போது வரும் என்பதை நன்றாகக் கணித்தது. ஒரு குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட பேச்சு ஆகியவற்றோடு சேர்ந்து வரும் வார்த்தை சீக்கிரம் வந்தது. நம் வீட்டுக்கு மாற்றிச் சொன்னால்: குளிக்கும்போது மட்டும் வரும் 'சோப்பு', மாலையில் விளக்கேற்றும்போது வரும் 'உம்மாச்சி', கிளம்பும்போது வரும் 'செருப்பு'. தினசரி ஒழுங்குதான் அகராதி.

தமிழுக்கும் இப்படி ஒரு பதிவு இருக்கிறது, அதுவும் எதிர்பாராத இடத்தில் இருந்து. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தியாவின் தொடக்ககாலக் கணினியான டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆர். நரசிம்மன். கணினியில் இருந்து மனித மொழிக்கு ஆர்வம் திரும்பிய அவர், ஆர். வைத்தியநாதனுடன் சேர்ந்து ஒரு தமிழ்க் குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் இடையிலான பேச்சைப் பதிவுசெய்தார். சைல்ட்ஸ் எனப்படும் உலகளாவிய குழந்தை மொழித் தொகுப்பில் அது இன்றும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறது.

தமிழ்க் குழந்தைக்கு ஆங்கிலப் பட்டியல் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. காரணம், தமிழின் அமைப்பு வேறு.

ஆங்கிலத்தில் 'டு யூ வான்ட் மில்க்?' என்று பொருளின் பெயர் கடைசியில் வந்து அழுத்தமாக விழும். தமிழில் வாக்கியத்தின் கடைசியில் நிற்பது வினைச்சொல். "பால் வேணுமா?" என்பதைப் பாதி நேரம் "வேணுமா?" என்று மட்டுமே கேட்போம். இதே போல வினைச்சொல் கடைசியில் வந்து, பெயர்ச்சொல்லை விட்டுவிடும் மொழி கொரியன். அந்த மொழிக் குழந்தைகளிடம் வினைச்சொற்களின் பங்கு ஆங்கிலக் குழந்தைகளைவிட அதிகம் என்று சில ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே உங்கள் குழந்தை பூனை, கார், ஆப்பிள் என்று பெயர்களை அடுக்காமல் "வா", "தா", "போ", "வேணாம்", "ஆச்சு" என்று சொன்னால், அது வார்த்தையே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். எல்லாம் கணக்கில் வரும்.

இன்னொரு நல்ல செய்தி. தமிழ் ஒட்டுநிலை மொழி. 'வீட்டுக்கு', 'வீட்ல', 'வீட்லேர்ந்து' என்று விகுதிகள் ஒட்டிக்கொண்டே போகும். பெரியவர்கள் கற்கும்போது திணறும் இடம் இது. ஆனால் இரண்டு வயதை ஒட்டிய தமிழ்க் குழந்தைகளை ஆராய்ந்து பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் இந்த விகுதிகளைச் சீக்கிரமாகவும் மிகக் குறைந்த பிழைகளோடும் பிடித்துக்கொள்வது தெரியவந்தது. ஒரு விகுதிக்குப் பெரும்பாலும் ஒரு பொருள் என்ற ஒழுங்கு குழந்தைக்கு உதவுகிறது.

பல மொழி கேட்டால் பேச்சு தாமதமாகுமா?

ஆகாது. ஆனால் தவறாக எண்ணினால் தாமதம் போலத் தெரியும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 6.9 கோடி. அதில் கர்நாடகத்தில் மட்டும் 21 லட்சம் பேர், மகாராஷ்டிரத்தில் சுமார் 5 லட்சம் பேர். அதே கணக்கெடுப்பில் நான்கில் ஒரு இந்தியர் இரண்டு மொழியாவது தெரியும் என்கிறார். சுமார் 7 சதவீதம் பேருக்கு மூன்று மொழி. இந்தியாவில் பல மொழிக்கு நடுவே வளர்வது விதிவிலக்கு அல்ல.

அமெரிக்காவின் மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளரும் குழந்தைகளை பார்பரா பியர்சன் குழு ஆராய்ந்து 1993-ல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு மொழியை மட்டும் எண்ணினால் இந்தக் குழந்தைகள் பின்தங்கியதாகத் தெரிந்தது. இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணியபோது, ஒரே மொழி பேசும் குழந்தைகளுக்கு இணையாக இருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளும் இதையே உறுதிசெய்கின்றன.

கணக்கு விளங்க ஒரு கற்பனை உதாரணம். ஒரு குழந்தை சொல்வது: தமிழில் 26 வார்த்தை, கன்னடத்தில் 14, ஆங்கிலத்தில் 12, ஹிந்தியில் 4. தமிழை மட்டும் எண்ணும் தாத்தாவுக்கு 26. ஆங்கிலத்தை மட்டும் கவனிக்கும் டே-கேர் மிஸ்ஸுக்கு 12. இரண்டு பேருமே கவலைப்படுவார்கள். உண்மையான மொத்தம் 56.

"பால் கலந்த சாதம் மாதிரி எல்லா மொழியையும் குழப்பிப் பேசுறானே?" என்று கேட்கலாம். "நீரு குடு", "மோர் தோசை வேணும்" என்று கலப்பது குழப்பத்தின் அடையாளம் அல்ல. கையில் இருக்கும் வார்த்தையை எடுத்து வேலையை முடிக்கும் திறமை அது. நாமே ஒரு மீட்டிங்கில் எத்தனை மொழி கலக்கிறோம்!

பேச்சுத் தாமதம் உறுதியான குழந்தைக்கும் வீட்டு மொழியை நிறுத்தினால் பேச்சு வேகமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் ஆகியோரிடம் நடந்த ஆய்வுகளிலும், இரண்டு மொழி கேட்டதால் அவர்கள் கூடுதலாகப் பின்தங்கியதாகத் தெரியவில்லை. மாறாக, பெற்றோர் தங்களுக்குச் சரளமில்லாத மொழிக்கு மாறும்போது பேச்சின் அளவும் தரமும் குறைகிறது. கதை, கேலி, கொஞ்சல், தாலாட்டு எல்லாம் வருவது நமக்கு உரிய மொழியில்தான்.

அப்படியானால் எப்படி எண்ணுவது?

ஒரு நோட்டு அல்லது போனில் ஒரு பக்கம் போதும். ஒரு வாரம் குறித்துவைத்தால் தெளிவான படம் கிடைக்கும்.

1. எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். பார்த்துக்கொள்ளும் அக்காவிடமும் டே-கேரிலும் கேளுங்கள். உங்கள் காதுக்கு மழலையாகத் தெரிவது அவர்கள் மொழியில் தெளிவான வார்த்தையாக இருக்கலாம்.
2. உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டியதில்லை. ஒரே பொருளுக்கு ஒரே ஒலியை, தானாக, மறுபடி மறுபடி சொன்னால் அது வார்த்தை. 'தண்ணி'க்கு 'தண்ணா' என்றாலும் ஒன்றுதான்.
3. 'மம்மு', 'தாச்சி', 'பாச்சி', 'உம்மாச்சி' போன்ற மழலைச் சொற்களும் 'பௌ பௌ', 'கா கா' போன்ற ஒலிகளும் வார்த்தைகளே.
4. 'பால்' என்று கறந்த பாலையும் விளையாடும் பந்தையும் காட்டினால் இரண்டு வார்த்தை. ஒன்று தமிழ், ஒன்று ஆங்கிலம்.
5. நாம் சொன்னதைக் கிளிப்பிள்ளை போல உடனே திருப்பிச் சொல்வதை எண்ண வேண்டாம். பொருள் தெரியாமல் ரைம்ஸ் ஒப்பிப்பதும் கணக்கில் வராது.
6. சொல்வதோடு புரிவதையும் குறியுங்கள். கை காட்டாமல் "ஷூ எடுத்துட்டு வா" என்று சொன்னால் எடுத்து வருகிறதா?
7. சைகையையும் குறியுங்கள். டாட்டா காட்டுவது, வேண்டாம் என்று தலையாட்டுவது, விரல் நீட்டி நிலாவைக் காட்டுவது. பேச்சுக்கு முன்வரும் பேச்சு இது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2022-ல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியது. அதுவரை சராசரிக் குழந்தை செய்வதை வைத்திருந்தார்கள். இப்போது 75 சதவீதத்துக்கும் அதிகமான குழந்தைகள் அந்த வயதில் செய்துவிடுவது மட்டுமே பட்டியலில் உள்ளது. அதன்படி 24 மாதத்தில் இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுமார் 50 வார்த்தைகள் என்பது 30 மாதத்துக்கான அளவு. பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் பலர் இது தளர்வாக இருப்பதாக விமர்சித்தார்கள். ஆய்வுகளில் நெடுங்காலமாகப் பயன்படும் வரையறை, 24 மாதத்தில் 50-க்கும் குறைவான வார்த்தைகள் அல்லது இரண்டு வார்த்தைச் சேர்க்கை இல்லாமை.

எந்தப் பட்டியலை எடுத்தாலும், கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தால் "பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாமல் குழந்தைநல மருத்துவரிடம் போக வேண்டும்:

- 12 மாதத்தில் 'பா பா', 'தா தா' போன்ற மழலை ஒலிகள் இல்லை. விரல் நீட்டிக் காட்டுவது, டாட்டா காட்டுவது எதுவும் இல்லை.
- பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை.
- 16 மாதத்தில் எந்த மொழியிலும் ஒரு வார்த்தைகூட இல்லை.
- 24 மாதத்தில் 'அம்மா வா', 'இன்னும் தோசை' போல இரண்டு வார்த்தையைத் தானாகச் சேர்ப்பதில்லை.
- எந்த வயதிலும், ஏற்கெனவே வந்த பேச்சோ சைகையோ நின்றுபோகிறது.

தாமதமாகப் பேசும் இரண்டு வயதுக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பின்னர் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள் என்பது உண்மை. "தானா வந்துடும்" என்ற நம்பிக்கை பிறப்பது இதிலிருந்துதான். பிரச்சினை என்னவென்றால், எந்தக் குழந்தை எட்டிப்பிடிக்கும், எது பிடிக்காது என்று இரண்டு வயதில் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

வீட்டில் சொல்லப்படும் மற்ற காரணங்களையும் பார்த்துவிடலாம்.

'ஆண் பிள்ளை லேட்டாதான் பேசும்': சராசரியில் பெண் குழந்தைகள் கொஞ்சம் முன்னால் இருப்பது உண்மை. ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. மேலே உள்ள பட்டியலுக்கு அது விலக்கு தராது.

'நாக்கு ஒட்டியிருக்கு': சில எழுத்துகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாம். மொழி வராததற்கும் புரியாததற்கும் அது காரணமல்ல.

'வசம்பு உரசி நாக்குல தடவுங்க': பேச்சு வர உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தேனில் குழைத்துக் கொடுப்பது இன்னும் ஆபத்து. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

முதல் பரிசோதனை காதுக்கு

பேச்சு தாமதம் என்றதும் நாம் வாயைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது முதலில் காதை. பிறவியிலேயே நிரந்தரக் கேட்புக் குறைபாடு ஆயிரத்தில் 1 முதல் 3 குழந்தைகளுக்கு இருக்கலாம் என்பது உலக அளவில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

"கதவு சாத்தினா திரும்பறானே, காது நல்லாதான் கேக்குது" என்பது பரிசோதனை அல்ல. ஓரளவு கேட்புக் குறைபாடு உள்ள குழந்தைக்குக் கதவுச் சத்தம் கேட்கும், குக்கர் விசில் கேட்கும். 'ச', 'ஸ', 'ஃப' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்துத் தற்காலிகமாகக் கேட்பு மங்கலாம். பிறந்தபோது செய்த பரிசோதனையில் தேறிய குழந்தைக்கும் பின்னால் குறைபாடு வரலாம்.

ஓ.ஏ.இ. என்பது காதில் சின்னக் கருவியை வைத்துச் சில நிமிடங்களில் முடியும் சோதனை. பெரா என்பது குழந்தை தூங்கும்போது, ஒலி மூளை வரை போகிறதா என்று நரம்பின் மின்சமிக்ஞையை அளப்பது. இரண்டிலும் வலி இல்லை.

இங்கே நேரம்தான் எல்லாம். ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது சர்வதேச வழிகாட்டுதல். கிறிஸ்டின் யோஷினாகா-இடானோ குழுவின் 1998 ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழித்திறன் தாமதமாகக் கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேலாக இருந்தது.

எங்கே போவது?

மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் 2013-ல் தொடங்கியது. 18 வயது வரை உள்ளவர்களிடம் கேட்புக் குறைபாடு, மொழித் தாமதம், ஆட்டிசம் உட்பட 30 பிரச்சினைகளைத் தேடும் திட்டம் இது. 6 வாரம் முதல் 6 வயது வரை உள்ள குழந்தைகளை அங்கன்வாடியில் ஆண்டுக்கு இரண்டு முறை பரிசோதிக்க வேண்டும். பிரச்சினை தெரிந்தால் மாவட்ட ஆரம்பகாலத் தலையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். தனியார் டே-கேருக்குப் போகும் குழந்தை இந்த வலைக்குள் எளிதில் வராது. எனவே அந்தப் பொறுப்பு பெற்றோரிடமே வருகிறது. தடுப்பூசிக்குப் போகும்போது, "வளர்ச்சியும் பார்த்துடுங்க டாக்டர்" என்று நாமே கேட்க வேண்டும்.

பேச்சு, கேட்புக்கென்றே இயங்கும் பொது நிறுவனங்களும் உள்ளன. மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்பு நிறுவனம், மும்பையில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம், சென்னை அருகே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் நம் குழந்தைகளுக்காகவே மூன்று வயது வரையிலான மொழி அளவுகோல் ஒன்றை உருவாக்கியுள்ளது. காக்ளியர் இம்ப்ளான்ட் தேவைப்பட்டால் மத்திய அரசின் அடிப் திட்டத்திலும், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் வழி இருக்கிறது.

தனியார் பேச்சுப் பயிற்சியாளரிடம் போனால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா? குழந்தையின் எல்லா மொழிகளையும் சேர்த்து மதிப்பிடுவாரா?

வீட்டில் என்ன செய்யலாம்?

1995-ல் அமெரிக்காவின் பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் 42 குடும்பங்களை வைத்து ஒரு கணக்குச் சொன்னார்கள். வசதியான வீட்டுக் குழந்தை, ஏழை வீட்டுக் குழந்தையைவிட 3 கோடி வார்த்தைகள் அதிகம் கேட்கிறது என்று. அந்த எண் உலகப் புகழ் பெற்றது. மாதிரி மிகச் சிறியது என்ற விமர்சனம் தொடர்ந்தது. 2018-ல் வேறொரு குழு செய்த ஆய்வில் அதே இடைவெளி கிடைக்கவில்லை. அதே ஆண்டு ரேச்சல் ரோமியோ குழு 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் வேறொன்றைக் கண்டது. பெரியவர்கள் கொட்டிய வார்த்தைகளின் எண்ணிக்கையைவிட, குழந்தையும் பெரியவரும் மாறி மாறிப் பேசிய முறைகளே மூளையின் மொழிப் பகுதியின் செயல்பாட்டோடு நெருங்கிய தொடர்பு காட்டின.

அதாவது கமென்டரி வேண்டாம், உரையாடல் வேண்டும். குழந்தை "ஆ" என்றால் நிறுத்துங்கள், "ஆமா, ஆட்டோ போகுது!" என்று பதில் சொல்லுங்கள், மறுபடி காத்திருங்கள். அந்தக் காத்திருப்புதான் கடினம், ஐந்து விநாடி மௌனமாக இருக்க நமக்கு வராது.

போன் இந்த வேலையைச் செய்யாது. 2003-ல் பேட்ரிஷியா கூல் குழு 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்கும் அமர்வுகள் நடத்தியது. நேரில் ஆள் உட்கார்ந்து பேசிய 12 அமர்வுகளில் குழந்தைகள் அந்த மொழி ஒலிகளைப் பிடித்தன. அதே ஆட்கள் வீடியோவில் பேசியபோது எதுவும் பிடிபடவில்லை. இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம். விலக்கு ஒன்று மட்டும்: உறவினர்களோடு எப்போதாவது வீடியோ கால். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகள் நேரலை வீடியோ உரையாடலில் புதிய வார்த்தை கற்றன, பதிவுசெய்த வீடியோவில் கற்கவில்லை. காரணம் எளிது. யூடியூப் பதில் சொல்லாது, மதுரையில் இருக்கும் பாட்டி பதில் சொல்வார். ஊரைவிட்டு வந்த குடும்பத்தில் தமிழ் பேசும் இன்னொரு வாய் அது.

சுருக்கமாகச் சொன்னால் மூன்று வேலைகள். வீட்டு மொழியை நிறுத்தாதீர்கள். எல்லா மொழி வார்த்தைகளையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு இரண்டு மாதமாக ஒரே பக்கத்தில் நின்றால், வாட்ஸ்அப் குழுவில் கேட்பதற்கு முன் காது பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள். எல்லாம் சரியாக இருந்தால் நஷ்டம் ஒரு சனிக்கிழமை காலை மட்டும்தான்.